நிற்பவர்களின் பைகள்

பஸ்ஸில் யாராவது குரலை உயர்த்தினால் போதும், மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிய பிறகுதான் தலையை நிமிர்த்துவார். சில்லறைக்காக நடத்துநரும் பயணியும் முறைத்துக்கொண்டாலும் அப்படித்தான், படிக்கட்டில் தொங்கும் பையன்களை யாராவது திட்டினாலும் அப்படித்தான். அந்தச் சண்டைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. "உடைஞ்சுட்டா?" என்று என்னிடம் மெல்லக் கேட்பார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிர் சீட்டில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது.

ஒருமுறை நான் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதுலயும் ஒரு லாபம் இருக்கு. ரெண்டு கட்சியும் ஒரே மாதிரி மங்கலாத் தெரியும். பாரபட்சம் இல்லாம யோசிக்கலாம்" என்றார்.

இத்தனை பயந்த மனுஷி கல்லூரியில் நடத்திய பாடம் மோதல். செங்கல்பட்டில் சமூகவியல் மாணவர்களுக்கு வர்க்க மோதல் கோட்பாடு சொல்லிக்கொடுத்தார். நிரந்தர வேலை இல்லை, கௌரவ விரிவுரையாளர். அந்தப் பதவியில் இருக்கிற ஒரே கௌரவம் பெயரில் இருக்கிறது என்று சொல்வார். எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் அவர் சோஷியாலஜி மேடம்.

இவரை நான் இத்தனை வருடம் நினைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது நினைப்பேன். ஆனால் இந்த ஒரு மாதமாகத் தினமும் நினைக்கிறேன். என் மகள் வேலை பார்க்கும் இடத்தில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொன்னால் அவர் ஒருவருக்குத்தான் புரியும். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற காலை பஸ் அது. அவர் புறப்படும் இடத்திலேயே ஏறிவிடுவார், ஜன்னலுக்கு அடுத்த சீட் கிடைத்துவிடும். நான் திருக்கழுக்குன்றத்தில் ஏறுவேன். அங்கே ஏறுகிறவர்களுக்கு நிற்கத்தான் இடம். "இன்னாமா, வாசல்லயே நின்னுகினு? உள்ள போ, பின்னால எவ்ளோ எடம் கீது பாரு" என்று நடத்துநர் கத்துவார். பின்னால் ஒரு விரல் வைக்கவும் இடம் இருக்காது. நிற்பவர்கள் தங்கள் பைகளை உட்கார்ந்திருப்பவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை, பை போய் ஒரு மடியில் உட்கார்ந்துகொள்ளும். அப்படி என் பை முதல் நாள் போய் உட்கார்ந்த மடி மேடத்துடையது. எங்கள் பழக்கம் அங்கே ஆரம்பித்தது.

அவருக்கு இந்தப் பழக்கம் ஒரு தீராத ஆச்சரியம். "சீட்டுக்கு அடிச்சுக்கறோம். எழுந்து குடுக்க மாட்டோம். ஆனா நிக்கறவங்க பாரத்துல பாதிய வாங்கி வச்சுக்கறோம். நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இதுக்குப் பதில் இல்ல" என்பார். மடியில் நாலு சாப்பாட்டுப் பைகளும் ஒரு பூக்கூடையும் இருக்க, அவற்றுக்கு மேலாக முகத்தை நீட்டிக்கொண்டு இதைச் சொல்வார்.

எந்த இடத்துக்குப் போனாலும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். இங்கே யார் யாருக்குப் பயப்படுகிறார்கள்? பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், ரேஷன் கடையில், என் அலுவலகத்தைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் அங்கேயும். "உங்க மேனேஜர் யாரைப் பார்த்துப் பயப்படறாரு? அதை முதல்ல சொல்லுங்க" என்பார்.

நான் ஒருநாள் கேட்டேன். "வர்க்கம்னா பணம்தானே மேடம்? பணக்காரன், ஏழை. இதுல பயம் எங்க வந்துச்சு?"

"அந்த ஜெர்மன் தாடிக்காரர் அப்படி ஆரம்பிச்சு வெச்சாரு. நிலம், மிஷின், தொழிற்சாலை யார் கையில இருக்கு, கையை மட்டுமே வெச்சுப் பொழைக்கறவங்க யாரு, அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் வந்தவங்க, சொத்து மட்டும் இல்லப்பா, யார் உத்தரவு போடறா, யார் கேட்டுக்கறா, அதையும் பாருன்னாங்க. அதுல ஒரு வம்பு என்னன்னா, ஒரே ஆள் ஒரு இடத்துல உத்தரவு போடுவான், இன்னொரு இடத்துல கேட்டுக்குவான். பசங்களுக்கு இதைப் புரிய வைக்கறதுக்குள்ள தொண்டை வத்திடும். அதான் சுருக்கமா பயத்தைக் கேக்கச் சொல்றேன். வருமானம் கேட்டா பொய் சொல்வாங்க. பயத்தை மறைக்க முடியாது. இதோ நம்ம கண்டக்டர். நம்மளை இந்த விரட்டு விரட்டறாரு. செக்கிங் வண்டி நின்னா மூஞ்சியைப் பாருங்க."

அவர் சொன்ன வேளையோ என்னவோ, அந்த வாரமே வழியில் டிக்கெட் பரிசோதகர்கள் ஏறினார்கள். நடத்துநர் முகம் வெளிறிப்போனது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெருமையாகப் பார்க்கவில்லை. அவரே நடுங்கிக்கொண்டிருந்தார், டிக்கெட் கையில் இருந்தும்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் ஒரு அம்மா ஏறுவார். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கும் வேலை. அவர் பையை யாரும் வாங்கியதில்லை. அவரும் நீட்டியதில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்து நிற்பார். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. மேடம்தான் காட்டினார். "பை போற வழியைப் பாருங்க. எல்லார் பையும் ஒரு மடிக்குப் போகுது. அது மட்டும் போகல." அதன் பிறகு பல நாட்கள் அந்த நிறுத்தம் நெருங்கும்போது அவர் வாய் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார். கேட்க நினைக்கிறார், தைரியம் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் பஸ் அந்த நிறுத்தத்தில் நிற்பதற்கு முன்னாலேயே கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். எந்தச் சண்டையும் இல்லை. அந்த அம்மா ஏறி வந்து நின்றதும் குரல் உடைய, "அந்தப் பையைக் குடுங்கம்மா" என்றார். கண் தெரியாததால் கையை வேறு ஆள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. அழுக்குத் துணி கீது" என்றார் அந்த அம்மா.

"பரவால்ல, குடுங்க."

பை மடிக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவர் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். பின் சீட்டிலிருந்து ஒரு ஆண் குரல், "இன்னா மேடம், ஆஸ்பத்திரி கிருமிய எல்லாம் மடியில வாங்கி வச்சிகினு? நாங்கெல்லாம் வூட்டுக்குப் போவ வேணாமா?"

"கிருமிக்குப் பயந்தா எறங்கி நடய்யா" என்றார் அந்த அம்மா, திரும்பாமலேயே. "நாளைக்கு நீ வந்து படுத்தா உன் கட்டிலுக்கு அடியில நான்தான் தொடைக்கணும். அன்னிக்கி இன்னா பண்ணுவே, எந்திரிச்சி ஓடுவியா?"

பஸ் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. செங்கல்பட்டு வரும்வரை பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா, அவங்களுக்குப் பயமே இல்ல. பயம் எல்லாம் எனக்குத்தான்." அதற்கு அப்புறம் அந்தப் பை தினமும் அவர் மடியில்தான். தினமும் முன்கூட்டியே கண்ணாடியையும் கழற்றிக்கொண்டார்.

காலாண்டு விடுமுறையில் ஒருநாள் என் மகளை அலுவலகத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் மேடத்தின் மடியில் பைகளோடு பையாக உட்கார்ந்துகொண்டாள். மேடம் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். "உனக்கு யாரைப் பார்த்தா பயம்?"

"பல்லி."

"சரி. உன்னைப் பார்த்தா யாருக்குப் பயம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பல்லிக்குத்தான். நான் வந்தா அதுதானே ஓடுது" என்றாள்.

மேடத்துக்கு அதில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "இவளை என் கிளாஸ்ல உக்கார வெக்கணும்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அது வெறும் மழலை.

அந்த மகள் எம்.பி.ஏ. முடித்தாள். மோதல் மேலாண்மை என்று அவர்களுக்கு ஒரு பாடம் இருந்தது, அதில் அவள்தான் வகுப்பில் முதல். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையை ஒட்டிய ஒரு பெரிய ரிசார்ட்டில் ஹெச்.ஆர். வேலை கிடைத்தது. அறை சுத்தம் செய்யவும் துணி வெளுக்கவும் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கவும் பக்கத்துக் குப்பங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். வேலை முடிந்து போகும்போது வாசலில் செக்யூரிட்டி ஆட்கள் அவர்கள் பைகளைக் குடைந்து பார்ப்பது வழக்கம். சோப்பு, துண்டு எதையாவது எடுத்துப் போகிறார்களா என்று.

ஒருநாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "இனிமே யாரும் அவங்க பையில கை விட வேண்டாம்மா. எல்லாருக்கும் உள்ளே இருக்கறது தெரியற மாதிரி பிளாஸ்டிக் பை குடுக்கப்போறோம். கண்ணால பாத்துட்டு விட்டுடலாம். நான் குடுத்த ஐடியா." அவள் கண்ணில் ஒரு ஒளி இருந்தது. அந்தப் பெண்களுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று உண்மையாகவே நம்பினாள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பைகள் கொடுத்து ஒரு வாரம் ஆன ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட்டில் ஒரு பெரிய கல்யாணம். மகள் காலையிலேயே போய்விட்டாள். பகலில் போன் வந்தது. "அம்மா, கேட்டை மறிச்சு உக்காந்துட்டாங்க. பிளாஸ்டிக் பை வேணாமாம். வெளிய யாரும் போக முடியல. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ வராத." பின்னால் ஒரு ஆள் இரைந்து கத்துவது கேட்டது. என் கணவர் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அன்று அவருக்கு ஷிப்ட். நான் அப்படியே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மாமல்லபுரம் வரை பஸ்ஸில், அங்கிருந்து ஆட்டோவில். வழி முழுக்க என் மனதில் ஓடியவை எல்லாம் கெட்ட காட்சிகள். கல், கண்ணாடிச் சில்லு, தீ. ஆட்டோக்காரர் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல நான் வர்லக்கா. பேஜாரு. போலீசு வண்டியெல்லாம் நிக்கிது."

கல்யாணத்துக்கு வந்த கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சவுக்கு மரங்களின் கீழே ஆண்கள் கும்பலாக நின்றார்கள். ரிசார்ட்டின் உயரமான கம்பிக் கேட் முழுவதும் அந்தப் பிளாஸ்டிக் பைகள் கட்டித் தொங்கின. காலிப் பைகள். கடல் காற்று ஒவ்வொன்றிலும் புகுந்து ஊதி, பெரிய பெரிய கொப்புளங்கள் போல அவை ஆடின. கேட்டுக்கு முன்னால் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

யாரோ ஒருவன் மரத்தடியிலிருந்து கத்தினான். இப்போது நானும் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடிக்கு என் கை தானாகப் போனது. அந்த நொடியில்தான் மேடம் நினைவுக்கு வந்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றாத நாள் ஒன்று உண்டு. கௌரவ விரிவுரையாளர்கள் எல்லோரும் வேலை நிரந்தரம் கேட்டுக் கல்லூரி வாசலில் சாமியானா போட்டு உட்கார்ந்த நாள். அன்று காலை பஸ்ஸில் அவர் பேசவே இல்லை. செங்கல்பட்டில் இறங்கியதும், "கேட் வரைக்கும் கூட வர்றீங்களா? அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றார். கூட நடந்தேன். அவர் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. "வேலையை விட்டு எடுத்துட்டா?" என்று வழியில் இரண்டு மூன்று தடவை கேட்டார். அப்படியானால் வேண்டாமே என்றேன். "பாடத்துல ஒரு வரி இருக்கு. கஷ்டம் எனக்கு மட்டும்தான்னு நினைக்கற வரைக்கும் அது வெறும் வருத்தம். எல்லாருக்கும் அதேதான்னு தெரியற அன்னைக்குத்தான் அது வர்க்கம். அதை வருஷா வருஷம் போர்டுல எழுதிட்டு இன்னைக்கு வீட்ல படுத்திருக்க முடியுமா?" என்றார்.

போலீஸ்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில் கலைந்து போகச் சொல்லி அதட்டினார். நான் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றப்போகிறார், கழற்றப்போகிறார் என்று. கழற்றவில்லை. மறுநாள் பஸ்ஸில் கேட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்: "கழட்டத்தான் போனேன். பக்கத்துல இருந்த பொண்ணு பயத்துல என் கையைப் பிடிச்சுட்டா. விடவே இல்ல."

அடுத்த கல்வியாண்டில் அவர் பஸ்ஸில் வரவில்லை. எடுத்துவிட்டார்களா, அவரே போய்விட்டாரா, யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி அம்மா சில நாள் அந்த சீட்டைப் பார்த்துவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி கம்பியில் சாய்ந்து நின்றார். பிறகு, எனக்கு சீட் கிடைத்த நாட்களில் நான் வாங்கிக்கொண்டேன்.

"குந்துக்கா. வெயில்ல எம்மா நேரம் நிப்பே?"

ரிசார்ட் கேட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். என் வயது இருக்கும். நான் உட்கார்வதற்குள் என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ இன்னா, லாண்டரியா? பாத்ததே இல்லியே."

"இல்ல. சும்மா பார்க்க வந்தேன்."

"பாரு பாரு, நல்லா பாரு. அதுக்குத்தான பை குடுத்துக்கிறாங்க." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கேட்டில் ஆடும் பைகளைக் காட்டினாள். "முன்னல்லாம் ஒரு செக்யூரிட்டி பாத்தான். இப்ப ஊரே பாக்குது. ஷேர் ஆட்டோல குந்திகினு போறேன், எதிர்ல இருக்கற ஆம்பளைங்க கண்ணு பைக்குள்ளயே கீது. மாத்துத் துணி, பேடு, மாத்திரை, எல்லாம். டிரைவர் கேக்கறான், உனக்கு இன்னாக்கா சீக்குன்னு. அந்த மாத்திரை நான் துன்றது என் வூட்டுக்காரருக்கே தெரியாது. நான் ஒருத்திதான் கூசிகினு கீறேன்னு நென்ச்சேன். அன்னிக்கி டிபன் துன்னும்போது பேசினா, எல்லாப் பொம்பளைக்கும் அதே."

மேடத்தின் கரும்பலகை வரியை வேறொரு குரலில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹெச்.ஆர்.ல ஒரு பொண்ணு கீதுக்கா. சின்னப் பொண்ணுதான். அது குடுத்த ரோசனயாம். அதப் பெத்தவ எவன்னு பாக்கணும் எனக்கு. அவ இப்பிடி எல்லாத்தையும் தெறந்து காட்டிகினு ரோட்ல போவாளா?" என் பையின் மேல் கையை ஊன்றிக்கொண்டு இதைக் கேட்டாள்.

நான் குனிந்து என் பையைப் பார்த்தேன்.

அப்போது கேட்டுக்குப் பின்னால் என் மகள் வந்தாள். தனியாக அனுப்பியிருந்தார்கள். அவள் யோசனைதானே, அவளே போய்ப் பேசட்டும் என்று. போர்ட்டிகோவில் மேனேஜர் போனும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி ஆள் கம்பிகளுக்கு இடையே செல்போனை நீட்டி, உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் படம்பிடிக்க ஆரம்பித்தான்.

கூட்டம் அவள் மேல் பாயும் என்று நான் நினைத்தேன். இல்லை. சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. ஒவ்வொரு பெண்ணாக முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கிற குரலில் என் மகள், "எல்லாரும் உள்ளே வாங்க. உக்காந்து பேசிக்கலாம்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா! நீ ஏன் அங்க உக்காந்திருக்க? எழுந்து வா!"

எல்லா முகமும் திரும்பியது. பக்கத்தில் இருந்தவள் என் பையை மடியிலிருந்து எடுத்தாள். அதன் அடியில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள். எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நீங்க அவங்க அம்மாவாம்மா? தெரியாம பேசிட்டேன். அவங்களாண்ட சொல்லிடாதீங்க. என் சம்பாத்தியத்துலதான் வூடே ஓடுது. சொல்லிடாதீங்கம்மா."

ஒரு நிமிடத்துக்கு முன்னால் அக்காவாக இருந்தவள் நான். என் கை கண்ணாடியைத் தேடியது. கழற்றியிருக்கலாம். கழற்றாததால் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தேன். அது யாருக்குப் பயந்த முகம் என்பதும் தெரிந்தது. பல்லியைக் கண்டால் இன்றைக்கும் கட்டிலில் ஏறி நிற்கும் என் மகளுக்கு.

சாயங்காலத்துக்குள் பேசி முடித்தார்கள். பிளாஸ்டிக் பையை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். கேட் திறந்தது, கார்கள் உள்ளே போயின, பெண்களும் உள்ளே போனார்கள். கல்யாணத்துக்கு இலை போட வேண்டுமே. மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆட்டோவில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து அழுதாள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டியிருக்கிறார். அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

மாமல்லபுரத்தை நெருங்கும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உன் பையை வெச்சுக்கிட்டிருந்தாங்களே, அந்த அம்மா யாரும்மா? என்ன பேசினாங்க?"

"ஒண்ணும் பேசல."

"இல்லயே, ரொம்ப நேரம் பேசினாங்களே. யாரு ஆரம்பிச்சதுன்னு மேனேஜர் கேக்கறாரு. வீடியோல எல்லாரும் முகத்தை மூடிட்டாங்க. நாளைக்குப் பேர் குடுக்கலன்னா என்னைத்தாம்மா கேப்பாங்க."

அவள் கேட்டது மகளாகவா, ஹெச்.ஆராகவா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "வெயில் ஜாஸ்தின்னாங்க. அவ்வளவுதான்" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேடம் கூட இருந்திருந்தால், இந்த ஆட்டோவில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டிருப்பார். ஓட்டுநரை விட்டால் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"ஏம்மா இவ்வளவு இறுக்கிப் பிடிச்சுட்டிருக்க? பையைக் குடு, நான் மடியில வெச்சுக்கறேன்" என்று கை நீட்டினாள்.

"வேணாம்மா" என்றேன். "இருக்கட்டும்."